நூறு கிலோமீட்டரில் நான்கு நகரங்கள்

கீழ்பென்னாத்தூர் சாலையால் வளர்ந்த ஊர். கிருட்டிணகிரியிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் சென்றால் திருவண்ணாமலை, கிழக்கே அதே அளவு சென்றால் செஞ்சி, பின் திண்டிவனம், அப்பால் கடலோரத்தில் புதுச்சேரியும் அதன் அருகே ஆரோவில்லும். இடைப்பட்ட தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. தெய்வத்தைச் சுற்றி வளர்ந்த நகரம் ஒன்று, அரசன் போனபின் ஆளரவம் அடங்கிய நகரம் ஒன்று, அயலார் அளவுகோல் கொண்டு கோடிட்ட நகரம் ஒன்று, இன்னும் பிறவாத மனிதனுக்காக வரையப்பட்ட நகரம் ஒன்று என நான்கு வகை நகரங்கள் இச்சாலையில் அடுத்தடுத்து நிற்கின்றன. நகர அமைப்பின் வரலாற்றைக் கற்க விரும்புவோர் பாரிசுக்கோ சண்டிகருக்கோ செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் போதும்.

பின்நவீனத்துவம் என்னும் சொல் தமிழுக்குச் சிற்றிதழ்களின் வழியே வந்து சேர்ந்தது. அமைப்பியலைத் தொடர்ந்து வந்த அச்சொல்லைக் கதையாடல் குறித்தும் கவிதை குறித்தும் நம்மவர்கள் காரசாரமாக விவாதித்தனர். ஆனால் உலக அரங்கில் அச்சொல் பரவலானது கவிதையால் அன்று, கட்டடத்தால். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஏழைகளுக்கென 33 அடுக்குமாடிகள் 1950களின் நடுவில் எழுப்பப்பட்டன. புரூயிட்–ஐகோ என்பது அக்குடியிருப்பின் பெயர். இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1972-இல், அரசே அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. நவீனக் கட்டடக்கலை மாண்ட நாள் அதுவே என்று சார்லஸ் ஜெங்க்ஸ் 1977-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மரணச் செய்தி எழுதுவோருக்கு நாளும் நேரமும் வேண்டும் அல்லவா? அக்குடியிருப்பை வரைந்த மினோரு யமசாகிதான் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களையும் வரைந்தவர் என்பதை 2001-க்குப் பின் வாழ்வோர் எண்ணிப் பார்க்காமல் இருக்க இயலாது.

நவீனத்துவம் நகரத்தை ஓர் இயந்திரமாகக் கண்டது. 1933-இல் கூடிய நவீனக் கட்டடக் கலைஞர் மாநாட்டின் முடிவுகளை லெ கார்பூசியே பின்னர் ஏதென்ஸ் சாசனமாக வெளியிட்டார். வசித்தல், உழைத்தல், பொழுதுபோக்குதல், போக்குவரத்து என்னும் நான்கே நகரத்தின் பணிகள். அவற்றைத் தனித்தனியே பிரித்து வைப்பதே திட்டமிடல் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டுத் தெருத் திண்ணை ஒன்றை அச்சாசனத்தின்முன் நிறுத்தினால் அது எந்தப் பிரிவில் அடங்கும்? வசிப்பிடம், வாணிகம், வம்பு, வழிப்போக்கனின் உறக்கம் எல்லாம் ஒரே திண்ணையில் நடந்தேறின. 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி, தெருவோரக் கடையும் வாசலில் அமர்ந்திருக்கும் மனிதரின் கண்களுமே நகரத்தின் காவல் என்று எழுதியபோது மேலைநாட்டுத் திட்ட வல்லுநர்கள் அதிர்ந்தனர். திண்ணையை இடித்துவிட்டு இரும்புக் கதவு பூட்டிக்கொண்டிருந்த நம் ஊர்களுக்கு அச்செய்தி தாமதமாகவே எட்டியது.

திருவண்ணாமலையை எடுத்துக்கொள்வோம். அந்நகரின் அளவுகோல் தேர். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் மாடவீதிகளில் வலம் வருகின்றன. பெரிய தேர் திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு அகலம் வீதியின் மூலைக்கு உண்டு. வேறு விதி தேவைப்படவில்லை. எவரேனும் படிக்கட்டை ஓரடி முன்தள்ளிக் கட்டினால் அடுத்த கார்த்திகையில் தேர்ச்சக்கரமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆண்டுதோறும் ஒருமுறை நிகழும் நில அளவை அது. தெருப்பெயர்களும் அவ்வாறே. திருவூடல் தெருவுக்குப் பெயர் தந்தது தொழிலோ சாதியோ செல்வரோ அல்லர். தை மாதத்தில் இறைவனும் இறைவியும் பிணங்கி நிற்கும் ஓர் ஊடல். உலகில் ஒரு சண்டையின் பெயரால் தெருக்கள் பல இருக்கலாம். தீர்ந்துபோகும் சண்டையின் பெயரால் எத்தனை இருக்கும்?

நகரின் எல்லை மாடவீதியோடு முடிவதில்லை. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை மலையையே கருவறையாக்கி நகரை அதற்கு வெளியே நிறுத்துகிறது. தையில் தென்பெண்ணையில் நீராட மணலூர்ப்பேட்டைக்கும், இரத சப்தமியன்று கலசபாக்கத்துக்கும், மாசியில் பள்ளிகொண்டாப்பட்டுக்கும் சுவாமி எழுந்தருளுகிறார். பள்ளிகொண்டாப்பட்டில் நடப்பது, பிள்ளையில்லாத வல்லாள மகாராசனுக்கு இறைவனே மகனாக நின்று செய்யும் திதி. பதினான்காம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்த படைகளால் துவாரசமுத்திரம் சிதைந்தபின் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அருணையைத் தன் தலைநகராக்கிக்கொண்டான் என்பது வரலாறு. அம்மன்னனுக்கு ஆண்டுதோறும் நினைவுநாள் கொண்டாடுவது ஊர் வழக்கம். வட்டார வளர்ச்சித் திட்டம் என்று இன்று அரசு அலுவலகங்களில் பேசப்படுவதன் பழைய வரைபடத்தை இத்தீர்த்தவாரிப் பயணங்களில் காணலாம். ஆற்றங்கரையும் ஏரிக்கரையும் கோயில் நகரமும் ஒன்றையொன்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்த்துக்கொண்டன.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் அது பழம்பெருமை பாடும் கட்டுரையாகிவிடும். மாடவீதியில் யார் குடியிருந்தார், யார் நடக்கவே கூடாதிருந்தது என்ற கேள்வி உண்டு. தேர் எந்த வீதிக்கு வரும் என்பதைப் போலவே எந்த வீதிக்கு வராது என்பதும் நகர அமைப்புதான். ஊர், சேரி என்னும் பிரிவினை ஏதென்ஸ் சாசனத்தின் பிரிவினைகளைவிடப் பழையது, கடுமையானது. சென்னை மாகாணத்தில் 1938-இன் குடியியல் இயலாமை நீக்கச் சட்டமும் 1939-இன் ஆலய நுழைவுச் சட்டமும் வந்தபின்னும், இதே திருவண்ணாமலை மாவட்டத்தின் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் காலடி வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றும் காவல்துறை உடன் நின்றது. ஆகவே நேர்க்கோட்டுச் சாலையையும் எண்ணிட்ட மனைகளையும் கண்டு கவிஞன் முகம் சுளிக்கலாம். எண்ணிட்ட மனைக்குச் சாதிப்பெயர் இல்லை என்பதில் ஆறுதல் கண்டவன் அவ்வாறு சுளிக்கமாட்டான். ஊரை அறியாமையின் குகை என அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் 1948-இல் சாடியதன் பின்னணி இதுவே. நவீனத்துவத்தைக் குறைகூறும் எவரும் இக்கணக்கைத் தீர்த்துவிட்டே மேலே செல்லவேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் நவீனம் கடப்பாரையோடு வந்தது. மதுரையில் 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார். இடித்த இடத்தில் வெளிவீதிகள் எழுந்தன. வேலையை நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி ஆகியோர் பெயர்கள் வீதிப்பெயர்களாயின. பிளாக்பர்னுக்கு நன்றிக்கடனாக நடப்பட்டதே விளக்குத்தூண். இதில் ஒரு வியப்பு உண்டு: மதில் போனபின் எழுந்த புது வீதிகளும் சதுரத்துக்குள் சதுரமாகவே அமைந்தன. பழைய நகரம் தன் இலக்கணத்தைப் புதியவனுக்கும் கற்பித்துவிட்டது.

அவ்விலக்கணத்தைப் படித்தறிய முயன்ற அயலார் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ் அடிப்படையில் தாவரவியலாளர். ஆளுநர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இன் இறுதியில் நகரத் திட்டக் கண்காட்சி ஒன்றுடன் சென்னைக்கு வரவிருந்தார். ஆயுள் முழுவதும் சேர்த்த வரைபடங்களும் படங்களும் தனிக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அக்கப்பலை ஜெர்மானியரின் எம்டன் மூழ்கடித்தது. சில வாரங்களுக்கு முன் செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தில் குண்டுமாரி பொழிந்து, ‘அவன் பெரிய எம்டன்’ என்று தமிழில் ஒரு வழக்கையே விட்டுச்சென்ற அதே கப்பல்தான். கண்காட்சி கடலுக்குள் போனாலும் கெடிஸ் சளைக்கவில்லை. நண்பர்கள் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின் மாகாணத்தின் நகரங்களைக் கால்நடையாகச் சுற்றி அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சை, மதுரை போன்ற ஊர்களில் சுகாதாரப் பொறியாளர்கள் நெரிசலான தெருக்களை இடித்து நேர்க்கோடாக்கும் திட்டங்களைத் தீட்டி வைத்திருந்தனர். கெடிஸ் அத்திட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். இடிந்த வீடு ஒன்றை அகற்றினால் காற்று வரும். இரண்டு மூலைகளைச் சீவினால் வண்டி திரும்பும். இருக்கும் மரத்தையும் கிணற்றையும் காப்பாற்றினால் அதுவே பூங்கா. இதைப் பழமை பேணும் அறுவை மருத்துவம் என்னும் பொருள்படும் பெயரால் அவர் அழைத்தார். செலவோ பொறியாளர் கேட்டதில் சிறு பகுதி. அதைவிட முக்கியம், வீடிழப்போர் மிகச் சிலர். சி. பி. வெங்கடராம ஐயர் பண்டைத் தென்னாட்டின் நகரமைப்பு குறித்து 1916-இல் வெளியிட்ட ஆங்கில நூலுக்குக் கெடிஸ் முன்னுரை எழுதினார். அந்நூல் காஞ்சியையும் மதுரையையும் புகாரையும் திட்டமிட்ட நகரங்களாகக் காட்டிற்று.

தேரின் பொருளைக் கெடிஸ் நன்றாகவே உணர்ந்திருந்தார் என்பதற்குச் சான்று இந்தூரில் கிடைக்கிறது. கொள்ளைநோய் வாட்டிய அந்நகரில் தீபாவளி ஊர்வலத்தின் பாதை, எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக்கப்பட்டனவோ அவற்றின் வழியே செல்லும் என்று அறிவிக்கச் செய்தார். ஊர் முழுவதும் வெள்ளையடித்துக்கொண்டது. ஊர்வலத்தில் அழுக்கரக்கனும் பெருச்சாளியும் பொம்மைகளாக வந்து எரிந்தன. எத்தனை நோட்டீசு ஒட்டினாலும் நடவாத காரியம் ஓர் ஊர்வலத்தால் நடந்தது. சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் 1920-இல் வந்தபோது கெடிஸின் தாக்கம் அதன் பின்னணியில் இருந்தது. ஆனால் சட்டத்தின் வாசகத்தில் மனைப்பிரிவும் சாலை அகலமும் தங்கின, ஊர்வலம் தங்கவில்லை. பின்னாளில் 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டத்திலும் அதே கதைதான்.

செஞ்சியில் பேருந்து சில நிமிடங்கள் நிற்கும். மூன்று குன்றுகளை இணைத்த மதில், களஞ்சியம், கல்யாண மகால், வெங்கடரமணர் கோயில் எல்லாம் உண்டு. குடிமக்கள்தாம் மதிலுக்கு வெளியே புது ஊரில் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் படைக் கோட்டைகளின் வரிசையில் ஒன்றாக யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக்கியது. கட்டியவர்களும் பெருக்கியவர்களும் ஆண்டவர்களும் பலராக இருக்க, மரபுப் பட்டியலில் ஒரு பெயரின்கீழ் அடங்கவேண்டிய நிலை கோட்டைகளுக்கும் வந்துவிட்டது.

புதுச்சேரியின் நேர்க்கோட்டுத் தெருக்களைப் பிரெஞ்சு மூளையின் விளைவாகவே பலரும் கருதுகின்றனர். 1693 முதல் 1699 வரை ஊரைக் கைப்பற்றி வைத்திருந்த டச்சுக்காரர்களின் வரைபடத்தில் அக்கட்டங்கள் ஏற்கெனவே காணப்படுகின்றன. 1761-இல் ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கினர். சில ஆண்டுகளில் திரும்பிவந்த பிரெஞ்சுக்காரர் பழைய கோடுகளின் மேலேயே மீண்டும் கட்டினர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர். தமிழர் பகுதியில் செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வெள்ளாளர் தெரு. பகுத்தறிவின் கட்டங்களுக்குள் சாதி எவ்வளவு வசதியாகக் குடியேறிவிட்டது என்பதை நேர்க்கோட்டை நம்புவோர் நினைவிற் கொள்ளவேண்டும்.

அத்தமிழர் பகுதியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண் தாங்கிய தமிழ் முற்றம். மேல்தளம் சுதைத்தூண் தாங்கிய ஐரோப்பியத் தாழ்வாரம். இருவேறு மொழிகளில் ஒரே கட்டடம் பேசுவதைப் பின்நவீனக் கட்டடக்கலையின் அடையாளமென ஜெங்க்ஸ் வகுத்தார். பதினெட்டாம் நூற்றாண்டுத் துபாசிக்கு அது கோட்பாடல்ல, தொழில். அதே ஊரில் ஆசிரமத்துக்காக அன்டோனின் ரேமண்டும் ஜார்ஜ் நகாஷிமாவும் 1930களின் பின்பகுதியில் தொடங்கி எழுப்பிய கோல்கொண்டா விடுதி, இந்தியாவின் முதல் நவீனக் கான்கிரீட் கட்டடங்களுள் ஒன்று. சன்னலுக்குப் பதில் காற்றை உள்ளே விடும் சாய்பலகைகள்; அலங்காரம் ஏதுமில்லை. நவீனத்துவம் ஒரு நாட்டின் வெயிலுக்கு மரியாதை செய்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழ் நிலத்தில் இல்லை. கடற்கரையில் இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு மேரி கட்டடமோ 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டு 2021-இல் திறக்கப்பட்டது. நிழற்படத்தில் பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாது. மூலம் இல்லாத நகல் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் போத்ரியார் பேசியதற்கு இதனைச் சான்றாக்கத் தோன்றும். ஆனால் புதுச்சேரி மக்கள் அதை இழக்க விரும்பவில்லை என்பதும் உண்மையே.

ஆரோவில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிற்று. 124 நாடுகளின் மண் ஒரு தாழியில் இடப்பட்டது. ரோஜர் ஆங்கர் வரைந்த படத்தில் நகரம் விண்மீன் மண்டலம்போல் சுழன்றது: நடுவே மாத்ரிமந்திர், சுற்றிலும் நான்கு மண்டலங்கள், அவற்றை இணைக்கும் வட்டச்சாலை, 50,000 மக்கள். படம் வரையப்பட்ட இடமோ மரமற்ற செம்மண் மேடு. மழைநீர் அரித்த ஓடைகள். வந்தவர்கள் முதலில் வீடு கட்டவில்லை, கரை கட்டினர்; மரம் நட்டனர். அரை நூற்றாண்டில் மேடு காடாயிற்று. மக்கள் தொகை சில ஆயிரங்களில் நின்றது. குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி முதலிய ஊர்கள் படத்தின் கோடுகளுக்கு நடுவே முன்போலவே இருந்தன. 2021 டிசம்பரில் வட்டச்சாலைக்காகப் பொக்லைன்கள் வந்தபோது வரைபடமும் காடும் நேருக்கு நேர் நின்றன. பசுமைத் தீர்ப்பாயம் 2022-இல் பணிக்குக் கட்டுப்பாடு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அவ்வாணையை நீக்கிற்று. வட்டம் முழுமை பெறாவிட்டால் நகரமே இல்லை என்பார் ஒரு சாரார். வளர்ந்ததே நகரம், வரைந்தது குறிப்பு மட்டுமே என்பார் மறு சாரார். நவீனத்துவத்துக்கும் அதன் பின்வந்ததற்கும் இடையிலான வழக்கு உலகில் எங்கும் இவ்வளவு தெளிவாக நீதிமன்றம் ஏறியதில்லை எனலாம்.

வழக்காடவும் வழியற்றவர்களுக்கு வேறு வகை நகரம் வாய்க்கிறது. சென்னையின் கால்வாய்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களுக்கென 2000 முதல் கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஒரே அளவு வீடுகள் கட்டப்பட்டன. அவை புரூயிட்–ஐகோவின் தூரத்து உறவினர். 2020-இல் அவற்றின் சுவர்களில் நாடறிந்த ஓவியர்கள் வண்ண வண்ண ஓவியங்கள் தீட்டினர். படம் எடுப்போர் வரத்தொடங்கினர். இடிக்காமல் வண்ணம் பூசுவது முன்னேற்றமே. ஆயினும் வேலைக்குச் செல்லும் தொலைவு சுவரோவியத்தால் குறைவதில்லை.

இனி மீண்டும் மேற்கே. திருவண்ணாமலை இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வேறொரு நகரமாகிவிட்டது. 1989-இல் மாவட்டத் தலைநகர், 2024-இல் மாநகராட்சி. வார இதழ்களும் திரைப்படமும் பரப்பிய பௌர்ணமிக் கிரிவலம் மாதந்தோறும் பல இலட்சம் மக்களைக் கொண்டுவருகிறது. செங்கம் சாலையில் இத்தாலிய உணவும் யோகப் பாயும் விற்கும் கடைகள். இரமணரை நாடி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே அறை எடுக்கின்றனர். கோயிலை 2002-இல் தொல்லியல் துறை தேசியச் சின்னமாக அறிவித்தபோது ஊர் திரண்டு எதிர்த்து அறிவிப்பைத் திரும்பப் பெறவைத்தது. கும்பிடும் இடத்தைப் பார்க்கும் இடமாக்க ஊர் உடன்படவில்லை. 2023-இல் இராசகோபுரத்துக்கு எதிரே கடைத்தொகுதி எழுப்ப எடுத்த முயற்சியும் எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. தன் கோபுரத்தைக் காக்க இவ்வூருக்குத் தெரிந்திருக்கிறது. மாடவீதிகளுக்குச் சிமெண்டு போடப்பட்டது. தேர் முன்னிலும் எளிதாக உருள்கிறது.

தேரின் அளவுகோல் எட்டாத இடங்களில்தான் நகரம் வளர்ந்தது. அடிவாரத்தில் மனைவிலை விடுதிகளின் கணக்கில் ஏற, கூலிக்காரரும் சிறுவணிகரும் மலைச்சரிவில் மேலேறினர். பல்லாண்டுகளாக வீட்டுக்கு மேல் வீடு. அவற்றுக்கு மின்னிணைப்பும் வந்தது, தெருப்பெயரும் வந்தது. வரைபடம் தீட்டுவோரின் நவீனம் அவர்களை ஆக்கிரமிப்பு என்றது. பன்மை போற்றும் பின்நவீனம் அவர்களைப் பார்க்கவேயில்லை. பாறையும் மண்ணும் எவ்வளவு நீரைத் தாங்கும் என்று கேட்பது எவருடைய துறையாகவும் இல்லை.

2024 டிசம்பர் 1 மாலை, ஃபெஞ்சல் புயல்மழையின்போது வ.உ.சி. நகரில் மலை சரிந்தது. ஒரு வீட்டின்மேல் பாறையும் சேறும் விழுந்து ஏழு பேர் புதைந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். இயந்திரம் ஏற வழியில்லாத சந்துகளில் மீட்புப் பணியாளர்கள் கையால் மண்ணை அள்ளினர். பன்னிரண்டு நாள் கழித்துத் தீபம். நிலவியல் வல்லுநர்கள் ஆய்ந்து சொன்னதை ஏற்று, அவ்வாண்டு பக்தர்கள் மலையேறத் தடை விதிக்கப்பட்டது. கொப்பரையும் நெய்யும் திரியும் சுமக்கும் பணியாளர்களும், தீபமேற்றும் உரிமையுடைய பர்வதராசகுலத்தாருமே ஈரப்பாறைகளின் வழியே உச்சிக்குச் சென்றனர். டிசம்பர் 13 மாலை ஆறு மணிக்குச் சுடர் எழுந்தது. கிழக்கே கீழ்பென்னாத்தூர்ச் சாலையிலிருந்தும் அது தெரியும். மலையின் எந்தப் பக்கம் சரிந்தது என்பது அவ்வளவு தொலைவிலிருந்து தெரிவதில்லை.